ஃபைனல் ஹியரிங் வரும்வரை: உயர் நீதிமன்றத்தில் காத்திருக்கும் இரண்டாம் மேல்முறையீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி சுருக்கமாக இது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நிலம். அப்பா வாதி. முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தார், எதிர்த்தரப்பு அப்பீல் போட்டு சப் கோர்ட்டில் அது தலைகீழானது. 2017-ல் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு போட்டு, "அட்மிட் ஆகி ஸ்டேயும் கிடைத்தது". அதன்பின் எப்போது கேட்டாலும் வக்கீல் ஆபீஸில் ஒரே பதில்: "ஃபைனல் ஹியரிங்குக்கு வரும்போது சொல்றோம்." அப்பாவுக்கு இப்போது 78 வயது. இந்த இடைக்காலத்தில் குடும்பம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. வாதம் நடக்கும் நாளில் உங்கள் கேஸுக்குக் கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி. அதற்கு முந்தைய ஏழெட்டு வருடங்களில்தான் பல மேல்முறையீடுகள் செத்துப்போகின்றன. யாரோ இறந்ததைக் கோர்ட்டுக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், நோட்டீஸுக்கு பட்டா (நிலப் பட்டா அல்ல, நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணம்) கட்டியிருக்க மாட்டார்கள், வக்கீல் மாறியது ரெக்கார்டில் ஏறியிருக்காது. சட்டப் புத்தகத்தைத் தொடாமலே தோற்கிற வழிகள் இவை.

முதலில் கேஸ் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். உயர் நீதிமன்ற இணையதளத்திலோ இ-கோர்ட்ஸ் செயலியிலோ கேஸ் எண்ணும் ஆண்டும் போட்டால் போதும். மதுரைக் கிளை வழக்குகளின் எண்ணில் 'எம்.டி.' என்று சேர்ந்து வரும். சென்னையின் பக்கத்தில் தேடினால் அதே எண்ணில் வேறு யாருடைய கேஸோ வரும். 16 எழுத்து, எண்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே ஏறியிருக்கும் உத்தரவுகளை எல்லாம் இறக்கி, தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள்.

அந்த உத்தரவுகளில் முதலில் தேட வேண்டியது, மேல்முறையீடு நிஜமாகவே அட்மிட் ஆனதா என்பது. "நோட்டீஸ் ரிகார்டிங் அட்மிஷன்" என்று மட்டும் இருந்தால் ஆகவில்லை என்று பொருள். எதிர்த்தரப்பைக் கேட்டபின் அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க நோட்டீஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான். அட்மிட் ஆன கேஸில் "கீழ்க்கண்ட சட்டக் கேள்விகளின் மீது அனுமதிக்கப்படுகிறது" என்று ஒன்றோ இரண்டோ மூன்றோ கேள்விகள் எழுதப்பட்டிருக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவின்படி, இரண்டாம் மேல்முறையீட்டின் உயிர் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஃபைனல் ஹியரிங்கில் கோர்ட் கேட்பது அவற்றின் மீதான வாதத்தை. சாட்சி சொன்னது பொய், எதிர்த்தரப்பு ஏமாற்றுக்காரர்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அது முதல் அப்பீலோடு முடிந்த சங்கதி.

அதனால் அந்தக் கேள்விகளை வக்கீலோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். அட்மிஷன் அன்று அவசரத்தில் எழுதப்பட்ட கேள்வி, கேஸின் பலமான இடத்தைத் தொடாமலே போயிருக்கலாம். உங்கள் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பை சப் கோர்ட் மாற்றியிருக்கிறது. மாற்றுகிற கோர்ட், கீழ்க்கோர்ட் சொன்ன காரணங்களை எதிர்கொண்டு, அவை ஏன் தவறு என்று எழுத வேண்டும். சந்தோஷ் ஹசாரி வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முன்சீப் நாலு ஆவணங்களை நம்பித் தீர்ப்பெழுதி, சப் கோர்ட் அதில் இரண்டைப் பற்றி வாயே திறக்காமல் விட்டிருந்தால், உங்கள் பலம் அதுதான். அட்மிஷன் உத்தரவில் அது கேள்வியாக இல்லையென்றால், கூடுதல் சட்டக் கேள்வி எழுப்பக் கோரி இப்போதே மனு போடலாம். கோர்ட் காரணம் பதிவு செய்து புதுக் கேள்வியை எடுத்துக்கொள்ள 100-வது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு இடம் தருகிறது. வாதம் நடக்கிற அன்றைக்கு வாய்மொழியாகக் கேட்டால் எதிர்த்தரப்பு உடனே எதிர்க்கும். கேஸ் இன்னொரு தேதிக்குப் போகும், அந்தத் தேதி எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை.

அடுத்தது அந்த "ஸ்டே". வாதி தோற்ற வழக்கில் ஸ்டேயால் பெரிய பயன் கிடையாது. சப் கோர்ட் உங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்திருக்கிறது. அந்தத் தள்ளுபடியை நிறுத்தி வைத்து ஆவது ஒன்றுமில்லை. பெரும்பாலும் இடைக்காலத் தடையுத்தரவோ, 'ஸ்டேட்டஸ் கோ'வோ (இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்ற உத்தரவு) கிடைத்திருக்கும். உத்தரவை எடுத்துப் படித்து எது என்று உறுதிசெய்யுங்கள். ஸ்டேட்டஸ் கோ என்று மட்டும் இருந்து, நிலம் யார் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்காவிட்டால், இரண்டு தரப்பும் "என் அனுபவத்தில்தான் இருக்கு" என்று ஒரே காகிதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் காட்டும். "நான்கு வாரங்களுக்கு" என்று கொடுத்த உத்தரவு நீட்டிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். காலவரம்பு போட்ட உத்தரவு அந்தத் தேதியோடு முடிந்துவிடும்.

ஆறு மாதத்தில் ஸ்டே தானாக ரத்தாகிவிடும் என்று 2018-ல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் வந்த தீர்ப்பை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் பயமுறுத்துவார்கள். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. காலவரம்பு போடாத இடைக்கால உத்தரவு, கோர்ட் ரத்து செய்யும்வரை நிற்கும்.

இனி முக்கியமான ஆபத்துக்கு வருவோம்: மரணம். பத்து வருடம் கிடக்கும் கேஸில் இரண்டு பக்கமும் யாராவது இறப்பது சகஜம். இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள் அவகாசம். அந்தக் கணக்கு இறந்த தேதியிலிருந்து ஓடும், உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்து அல்ல. மனு போடாவிட்டால், யாரும் உத்தரவு போடாமலே, இறந்தவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு தானாக அற்றுப்போகும். அதை நீக்கக் கோர மேலும் 60 நாள். உதாரணமாக, எதிர்த்தரப்பில் ஒருவர் 2025 ஜனவரி 10-ல் இறந்தார் என்றால், ஏப்ரல் 10 வரை வாரிசுகளைச் சேர்க்கும் ஒரே ஒரு மனு போதும். ஜூன் 9 வரை என்றால் அற்றுப்போனதை நீக்கவும் சேர்த்து இரண்டு மனு. அதையும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மூன்றாவது மனு வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லி, அதற்குத் தனி நோட்டீஸ், தனி எதிர்வாதம். மெயின் கேஸ் அப்படியே நிற்க, இந்த மூன்று மனுக்களே வருடக்கணக்கில் ஓடிய கேஸ்கள் ஏராளம்.

அதைவிட மோசம், அற்றுப்போனதன் விளைவு அந்த ஒருவரோடு நிற்காமல் போவது. எதிர்த்தரப்பில் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் சேர்த்துப் பிரிக்க முடியாத ஒரே தீர்ப்பு இருந்தால், ஒருவர் விஷயத்தில் அற்றுப்போனது மொத்த மேல்முறையீட்டையும் அடித்துக்கொண்டு போகலாம். ஒரே நிலத்துக்கு இரண்டு முரண்பட்ட தீர்ப்பு இருக்கக் கூடாது என்பது அதன் பின்னால் உள்ள தர்க்கம்.

ஊரில் இருப்பவர்களுக்குத்தான் சாவுச் செய்தி முதலில் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தன் கட்சிக்காரர் இறந்ததைக் கோர்ட்டுக்குச் சொல்லும் கடமை உண்டு என்றாலும், அவருக்கே அது தெரிந்திருக்காது. ஆகவே கேஸில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, வருடத்துக்கு இரண்டு முறையாவது யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எதிர்த்தரப்பில் ஒருவர் தவறினார் என்றால் அந்த வாரமே இறப்புத் தேதி, மனைவி, பிள்ளைகளின் பெயர், வயது, முகவரி எல்லாம் வக்கீலுக்கு எழுத்தில் போக வேண்டும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் மகளை விட்டுவிடாதீர்கள். கீழ்க்கோர்ட்டிலேயே ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டியாக இருந்தவர் இறந்திருந்தால், அவருடைய வாரிசுகளைச் சேர்ப்பதிலிருந்து விலக்குக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 22 ரூல் 4-ல் வழி இருக்கிறது; தீர்ப்புக்கு முன்னால் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அப்பாவின் வயதைச் சொல்லியிருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஒன்று ஆனால் அதே 90 நாள் கணக்கு உங்களுக்கும் ஓடும். காரியமெல்லாம் முடிந்து, தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்தே பலர் நாளைக் கடத்துகிறார்கள். மனுப் போடச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுகள் யார் என்ற பிரமாணப் பத்திரமும் வைத்துப் போட்டுவிட்டு, மற்றதைப் பின்னால் கொடுக்கலாம். ஒரு ஆறுதல்: வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைத்தபின் இறந்தால் அற்றுப்போகும் பிரச்சினை வராது.

நோட்டீஸ் சங்கதி சின்னதாகத் தெரியும். எதிர்த்தரப்பில் ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேருக்கும் சார்வாகியிருக்க (கையில் போய்ச் சேர்ந்திருக்க) வேண்டும். ஒருவருக்கு "முகவரியில் இல்லை" என்று திரும்பியிருந்தால் கேஸ் வாதத்துக்குத் தயாரானதாகக் கருதப்படாது. புது முகவரிக்கு பட்டா கட்டவோ, பேப்பர் விளம்பரம் கொடுக்கவோ கோர்ட் அவகாசம் தரும். சில சமயம் "இரண்டு வாரத்துக்குள் செய்யாவிட்டால் தானாகவே தள்ளுபடி" என்ற நிபந்தனையோடு தரும். அந்த இரண்டு வாரம் ஜூனியர் கண்ணில் படாமல் போனால் கதை முடிந்தது. திரும்ப எடுக்க இன்னொரு மனு. ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'சர்வ்டு' என்று இருக்கிறதா, யாருக்காவது பாக்கியா என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாரிசுகளைச் சேர்த்தால் அந்தப் புதியவர்களுக்கும் இதே கதை முதலிலிருந்து.

வக்காலத்து. 2017-ல் கையெழுத்து வாங்கிய வக்கீல் இன்னும் தொழிலில் இருக்கிறாரா? அவர் இறந்திருந்தால் அந்த வக்காலத்து அன்றோடு முடிந்தது. நீதிபதியாகவோ அரசு வக்கீலாகவோ போயிருந்தாலும் வேறு ஒருவர் வந்தாக வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: காஸ் லிஸ்ட்டில், அதாவது அன்றன்று விசாரணைக்கு வரும் கேஸ்களின் பட்டியலில், ரெக்கார்டில் உள்ள வக்கீல் பெயர்தான் அச்சாகும். புதியவரிடம் கட்டு கைமாறியிருக்கும், ஆனால் புது வக்காலத்து ஃபைல் ஆகியிருக்காது. அவருடைய ஆபீஸ் தினமும் மாலையில் அவர் பெயரைப் போட்டு லிஸ்ட் தேடும். உங்கள் கேஸ் பழைய பெயரில் வந்து, கூப்பிட்டு, ஆளில்லாமல் தள்ளுபடி ஆகியிருக்கும். மாற்றம் செய்யும்போது பழைய வக்கீலின் 'நோ அப்ஜெக்ஷன்' கையெழுத்து வாங்கி உடனே ஃபைல் செய்யச் சொல்லுங்கள். ஃபீஸ் பாக்கி என்று கட்டைத் தர மறுத்தால், அப்படிப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-த்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானதென்றால் கொடுத்துவிட்டு வாங்குவது நல்லது, அது வேறு விஷயம்.

ஆளில்லாமல் தள்ளுபடி ஆனாலும் வாசல் முழுதாக மூடிவிடுவதில்லை. மேல்முறையீட்டாளர் வராத நாளில் கோர்ட் ஆஜரின்மைக்காகத் தள்ளுபடி செய்யலாமே தவிர, கேஸின் தன்மைக்குள் போய்த் தீர்ப்பெழுதக் கூடாது. ஆர்டர் 41 ரூல் 17-ன் விளக்கம் அதுதான். 30 நாளுக்குள் மனு போட்டால் திரும்ப ஃபைலுக்கு எடுப்பது பெரிதாகச் சிரமமில்லை. இரண்டு வருடம் கழித்துத் தெரிய வந்தால் சிரமம்தான். மாதம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

காத்திருக்கும்போது சட்டமே மாறும், அது சாதகமாகவும் இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம். பாகப்பிரிவினைக் கேஸ்களில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ல் வந்த திருத்தம், அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளியாகச் சேர்க்கவில்லை. மத்தியச் சட்டத் திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் பல வருடம் குழப்பம். 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில், மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று முடிவானது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிக்ரி மூலமோ பிரிந்த சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆக, 2012-ல் மகளுக்கு எதிராகத் தீர்ப்பான ஒரு கேஸ் இரண்டாம் மேல்முறையீட்டில் கிடந்ததாலேயே 2020-க்குப் பின் மொத்தப் பங்கும் மாறிப்போகும். உங்கள் வழக்குக்கும் இப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று வருடம் ஒருமுறை கேளுங்கள். நல்ல வக்கீல் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

டைப்டு செட்டை, அதாவது வாதத்துக்காகக் கோர்ட்டில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பை, இப்போதே தயார் செய்துவிடலாம். பிளைன்ட் (வழக்குரை), எதிருரை, இரண்டு தீர்ப்புகள், நம்பியிருக்கும் ஆவணங்கள், முக்கியச் சாட்சியின் குறுக்கு விசாரணை. பக்க எண் போட்டு, இன்டெக்ஸோடு. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால் தமிழ்ப் பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ் படிக்காத நீதிபதி முன்னால் கேஸ் வந்து, 1954-ம் வருடத்துக் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியை வக்கீல் நின்றபடியே மொழிபெயர்க்க வேண்டி வந்தால் அந்த அரை மணி அதிலேயே போகும். மொழிபெயர்ப்பை நீங்களும் ஒருமுறை தமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: "வடக்கு" என்பது தெற்கானதும், "கீழ்புறம்" என்பது 'அடியில்' என்று ஆனதும் உண்டு.

வரைபடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கோர்ட் அனுப்பி நிலத்தைப் பார்த்துவந்த கமிஷனர், தன் பிளானில் தகராறு உள்ள பகுதியைச் சிவப்பிலும், ஒப்புக்கொண்ட பகுதியைப் பச்சையிலும் காட்டியிருப்பார். அறிக்கை முழுக்க "சிவப்பு வண்ணப் பகுதி" என்றே பேசும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். கலர் நகல் எடுத்து வையுங்கள். ஆவணங்களின் சர்ட்டிஃபைடு காப்பி கையில் இல்லையென்றால் அதையும் இப்போதே வாங்குங்கள். கீழ்க்கோர்ட் கட்டு மேலே வந்து சேர்ந்ததா, மடிப்பில் கிழிந்த பழைய பத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் வாதத்தன்று தெரிய வேண்டிய செய்திகள் இல்லை. புதிதாக ஆவணம் கிடைத்திருந்தால் ஆர்டர் 41 ரூல் 27-ல் மனு போடலாம்; அது மெயின் கேஸோடு சேர்த்துத்தான் கேட்கப்படும், முன்பே ஏன் தாக்கல் செய்யவில்லை என்பதற்கு உருப்படியான பதில் வேண்டும்.

கேஸ் எப்போது லிஸ்ட்டில் வரும் என்பது பலருக்குப் புதிர். எந்த நீதிபதி எதைக் கேட்பார் என்று தலைமை நீதிபதி ரோஸ்டர் போடுவார். பேச்சு வழக்கில் போர்ட்ஃபோலியோ. இரண்டாம் மேல்முறையீடுகளை ஆண்டுவாரியாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம்: இந்த ஆண்டுவரை ஒருவருக்கு, அடுத்தவை இன்னொருவருக்கு. போர்ட்ஃபோலியோ மாறினால் லிஸ்ட்டும் மாறும். பாதி வாதம் கேட்ட நீதிபதி மாறிவிட்டால், சிறப்பு உத்தரவு இல்லாதவரை, புதியவரிடம் முதலிலிருந்து ஆரம்பம். முன்கூட்டியே விசாரிக்கச் சொல்ல வழி இருக்கிறது. மனு, கூடவே அப்பாவின் வயது, உடல்நிலைக்கான மருத்துவச் சான்று, எல்லோருக்கும் நோட்டீஸ் சார்வாகிவிட்டது என்ற விவரம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 78 வயது என்று நீதிபதி முன் மென்ஷன் செய்து (வாய்மொழியாகச் சொல்லிக் கேட்டு) கேஸை எடுக்கவைத்தால், மூன்றாம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகவில்லை என்று தெரிந்து அது வந்த வழியே திரும்பும்.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதாலேயே டிக்ரி நிற்காது; ஸ்டே இல்லையென்றால் நிறைவேற்று மனு போடத் தடையில்லை. எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே போடும் கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். தீர்ப்பில் ஒரு பகுதி உங்களுக்கு எதிராக இருந்தால் நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் குறுக்கு ஆட்சேபணை (கிராஸ் அப்ஜெக்ஷன்) போட வேண்டும். இரண்டு தரப்புக்கும் பொதுவானது: நிலுவையில் உள்ள நிலத்தை யார் வாங்கினாலும், சொத்து மாற்றுச் சட்டம் 52-வது பிரிவின்படி, வழக்கின் முடிவு அவரையும் கட்டும்.

சமாதானத்துக்கும் இந்தக் காலம் தோதானது. உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005 முதல் இயங்குகிறது. சமாதானமானால் கோர்ட் ஃபீஸ் முழுதும் திரும்பக் கிடைக்கும்; வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம், நம் உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றிலேயே, உறுதிசெய்தது. சமாதானப் பத்திரத்தில் வாரிசுகள் உட்பட எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விடுபட்டால் பத்து வருடம் கழித்து அவர் பேரில் இன்னொரு வழக்கு.

லிஸ்ட்டில் வந்துவிட்டது என்றால் முந்தின நாளே வக்கீலிடம் இருக்க வேண்டியது நாலைந்து பக்கக் குறிப்பு: சட்டக் கேள்வி, அதற்கான ஆவணம், டைப்டு செட்டில் பக்க எண், சப் கோர்ட் தீர்ப்பில் பத்தி எண். "எக்ஸிபிட் ஏ-4, பக்கம் 37, சப் கோர்ட் இதைப் பற்றி எங்கும் பேசவில்லை" என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற வக்கீலை நீதிபதி நிறுத்திக் கேட்பார். நீங்களும் போய் உட்காரலாம், திறந்த நீதிமன்றம்தான். உலகனேரி வளாகத்துக்குள் நுழைய அடையாள அட்டை எடுத்துப் போங்கள். நீதிபதி கேட்கும் ஊர்க் கேள்விக்கு, அந்த வாய்க்கால் இப்போதும் இருக்கிறதா என்பது போன்றவற்றுக்கு, பின்வரிசையில் இருந்து உங்கள் துண்டுச்சீட்டு உதவும். எழுந்து நேரடியாகப் பேசாதீர்கள்.

தீர்ப்பை ஒத்திவைத்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தாண்டியும் வரவில்லை என்றால் விரைவில் தரக் கோரி மனு போடலாம். ஆறு மாதம் ஆனால் வேறு நீதிபதியிடம் மாற்றி மறுபடி வாதம் கேட்கச் சொல்லித் தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். 2001-ல் அனில் ராய் வழக்கில் வகுத்த வழி இது. தீர்ப்பு பாதகமானால் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே இன்னொரு அப்பீல் கிடையாது, 100-ஏ பிரிவு தடுக்கிறது. சீராய்வு மனுவுக்கு 30 நாள், உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்புச் சொன்ன அன்றே காப்பிக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.